முன் ரூம் ரயிலுக்குப் பன்னிரண்டு வோல்ட்

லெவல் கிராசிங் கேட் இறங்கிவிட்டது. இனி ஏறமாட்டேன் என்று நின்றது.

தங்கசாமி சுவிட்சை மேலே தள்ளினார், கீழே தள்ளினார், கழற்றி ஊதிப் பார்த்து மறுபடி மாட்டினார். கேட்டுக்கு இந்தப் பக்கம் விரல் நீளத்தில் ஒரு பொம்மை பஸ் நின்றது. அதன் நெற்றியில் 'பனவடலிசத்திரம்' என்று அவரே எழுதி ஒட்டியிருந்தார். ரயில் போய் வெகுநேரமாகியும் பஸ் காத்துக்கொண்டே இருந்தது. அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. தன் பேச்சைக் கேட்டு ஒரு பஸ் நிற்பதை மனதார விரும்புகிறவர் அவர்.

அவர் தொழில் அப்படி. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு அவர்தான் டைம் கீப்பர். விடியற்காலையிலிருந்து மதியம் வரை விசிலும் கையுமாக நின்று, "ஏலே, கரிவலம்வந்தநல்லூர் வண்டிய எடு, நேரமாச்சு" என்று கத்துவார். எந்த டிரைவரும் எடுக்கமாட்டான். டீக்கடைக்குள்ளிருந்து கையை மட்டும் காட்டுவான். தினமும் இப்படி மரியாதை இழந்து வீடு திரும்புகிற மனிதருக்கு, சொன்ன நேரத்துக்குக் கிளம்பி, சொன்ன இடத்தில் நிற்கிற ஒரு வாகனம் தேவைப்பட்டது. அதனால் ரயில் வாங்கினார்.

ரயில்வே பீடர் ரோட்டில் அவர் வீட்டின் முன் ரூம் தெருவைப் பார்த்து ஷட்டர் போட்டது. அதில் வாடகைக்கு இருந்த டெய்லர் காலி செய்தபோது, துணி வெட்டுகிற பெரிய மேஜையைத் தூக்க முடியாமல் விட்டுவிட்டுப் போனார். அந்த மேஜை மேல்தான் இப்போது சங்கரன்கோவில் ரயில் நிலையம் இருக்கிறது. இரண்டு பிளாட்பாரம், மூன்று மொழியில் ஊர்ப் பெயர்ப் பலகை, வரிசையாக விளக்குகள், சிவப்பும் பச்சையுமாகச் சிக்னல், ஒரு டீ ஸ்டால், பின்னால் தெர்மகோலில் மேற்குத் தொடர்ச்சி மலை.

ரயிலும் தண்டவாளமும் மட்டும் விலைக்கு வாங்கியவை. அவற்றுக்கென்று கரண்ட் பெட்டி தனியாக உண்டு. மற்றதையெல்லாம் வீட்டில் செத்துப்போன சாமான்களின் அடாப்டர்களை வைத்தே தங்கசாமி ஓட்டினார். செல்போன் செத்தால் அதன் சார்ஜர் சிக்னலுக்குப் போகும். மகள் அனு காலேஜில் வைத்திருந்த லேப்டாப் செத்தது. அதன் அடாப்டர் பிளாட்பார விளக்குகளுக்கு வந்தது. கேட்டைத் தூக்கி இறக்குகிற மோட்டார் ஒரு பழைய பிரிண்டரின் வயிற்றிலிருந்து எடுத்தது. வீட்டில் எது ரிப்பேரானாலும் மனைவி சீனியம்மாள் தலையில் கைவைத்து உட்காருவாள். தங்கசாமியின் முகத்தில் மட்டும் ஒரு தெளிவு வரும்.

இப்போது கேட்டுக்குக் கரண்ட் கொடுத்துவந்த அடாப்டரே செத்துவிட்டது. மோந்து பார்த்தார். கருகல் வாடை.

"என்ன, நின்னுட்டா?" என்று கேட்டுக்கொண்டே சீனியம்மாள் உள்ளேயிருந்து வந்தாள்.

"ரயிலு ஓடுது. கேட்டுதான்…"

"ஓடுத கதையெல்லாம் கேக்கல. ஞாயித்துக்கிழமை காலையில டாக்டரம்மா ஒருத்தி இந்த ரூமைப் பாக்க வாரா."

தங்கசாமி அடாப்டரைக் கீழே வைத்தார். "ரூமையா? எதுக்கு?"

"ரூமை எதுக்குப் பாப்பா? வாடகைக்குத்தான். கிளினிக்கு வைக்கதுக்கு."

"அப்ப ரயிலு?"

சீனியம்மாள் மேஜையை ஒரு தடவை நிதானமாகச் சுற்றிவந்தாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள். "அவ வரும்போது ரயிலு, வெளக்கு, கேட்டு, சிக்னலு ஒண்ணுவிடாம ஓடணும். ஓடிச்சுன்னா இந்த ரயில் மேல நான் கைவைக்க மாட்டேன். அது பாட்டுக்கு இங்கனயே இருக்கட்டும். ஒண்ணு ஓடலைன்னாலும் அன்னைக்கே பழைய இரும்புக்காரனைக் கூப்புட்டுருவேன். சொல்லிட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

தங்கசாமி இதை யோசித்துப் பார்த்தார். டாக்டரம்மாவிடம் வரச்சொல்லி வாக்குக் கொடுத்துவிட்டாள், இனி வேண்டாம் என்று சொல்ல முடியாது. ரயில் ஒழுங்காக ஓடினால், 'இடமில்லை, நீங்களே பாருங்க' என்று காட்டி அனுப்பிவிடுவாள். ஓடாவிட்டால் ரயில் போய்விடும். நியாயமான பந்தயம் என்றுதான் அவருக்குப் பட்டது. கல்யாணமான நாளிலிருந்து சீனியம்மாள் சத்தியத்தை மீறியதில்லை.

அன்று சாயங்காலமே வேலையைத் தொடங்கினார். அடாப்டர் போட்டுவைக்கிற பிஸ்கட் டப்பாவில் கடைசியாக ஒன்றே ஒன்று கிடந்தது. எப்போதோ செத்த ஒரு கார்ட்லெஸ் போனுடையது. அதை மாட்டிச் சுவிட்சைப் போட்டதும் கேட் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. குளிர்காய்ச்சல் கண்டது போல நின்ற இடத்தில் நடுங்கியது. நடுங்கிய வேகத்தில் பனவடலிசத்திரம் பஸ் கவிழ்ந்தது.

அடாப்டரை மடியில் கட்டிக்கொண்டு வடக்கு ரத வீதிக்குப் போனார். அங்கே இர்ஷாத் என்பவர் டி.வி., செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். எதைக் கொண்டுபோனாலும் முதலில் திறந்துவிடுவார். யோசிப்பது அதற்குப் பிறகு.

"அண்ணாச்சி, இதுல கரண்டு முன்னயும் பின்னயும் போயிட்டுப் போயிட்டு வரும்" என்றார் இர்ஷாத், அடாப்டரைத் திருகிக்கொண்டே. "ஒங்க மோட்டாருக்கு ஒரே பக்கமாப் போகணும். அதான் எந்தப் பக்கம் போகன்னு தெரியாம ஆடிட்டு நிக்கி."

"அப்ப வேற குடும்."

"பன்னெண்டு வோல்ட்டுல எங்கிட்ட இப்ப ஒண்ணும் இல்லியே. ஒங்க வீட்டுல செட்டாப் பாக்ஸ் இருக்கா?"

"இருக்கு."

"செத்துட்டா?"

"இல்லவே, நல்லா ஓடுது."

இர்ஷாத் வருத்தப்பட்டார். "அதுல இருக்கது பன்னெண்டு வோல்ட்டுதான்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

தங்கசாமி அதுவரை உயிரோடிருக்கும் சாமானிலிருந்து அடாப்டர் எடுத்தவரில்லை. அது ஒரு கொள்கை. வீட்டுக்கு வரும் வழியில் கொள்கையைக் கொஞ்சம் திருத்திக்கொண்டார். சீனியம்மாள் கோமதியம்மனைக் கும்பிடக் கோவிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, செட்டாப் பாக்ஸின் அடாப்டரை உருவிக் கேட்டுக்கு மாட்டினார். கேட் அழகாக ஏறியது. அழகாக இறங்கியது. ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, கவிழ்ந்த பஸ்ஸை நிமிர்த்தி அந்தப் பக்கம் போகவும் அனுமதித்தார்.

ஆனால் சீரியல் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. செட்டாப் பாக்ஸுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். பிளாட்பார விளக்குகளிலிருந்து கழற்றிய லேப்டாப் அடாப்டரின் முனை அதற்குள் சரியாகப் போய் உட்கார்ந்தது. அதில் பத்தொன்பது வோல்ட் என்று போட்டிருந்தது. பெட்டிக்கு வேண்டியது பன்னிரண்டு. தங்கசாமி பஸ் ஸ்டாண்ட் மனிதர். ஐம்பது பேர் உட்காருகிற வண்டியில் எண்பது பேரை ஏற்றி அனுப்பி, அது மேலநீலிதநல்லூர் வரை போய் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்ததையும் பார்த்தவர். கொஞ்சம் கூடுதலாக ஏறினால் எதுவும் நின்றுவிடாது என்பது அவர் அனுபவம்.

சீனியம்மாள் வந்து கால் நீட்டி உட்கார்ந்தாள். சீரியலில் மாமியார் ஒருத்தி மருமகளைப் பார்த்து, "இந்த வீட்டில் இனி…" என்றாள். அதோடு சரி. பெட்டியிலிருந்து மெல்லிய புகை கிளம்பி, சாமி படம் இருந்த பக்கமாகப் போனது. அதே நேரத்தில் லேப்டாப் அடாப்டரில் எரிந்துகொண்டிருந்த பச்சைப் பொட்டும் அணைந்தது.

தங்கசாமி சுவரோடு ஒட்டி நின்றார். சீனியம்மாள் எழுந்துபோய்ப் பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே இருக்கக் கூடாத அடாப்டரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நம்ம பெட்டி அடாப்டரு எங்க?"

"கேட்டுல."

"கேட்டு ஏறுதா?"

"ஏறுது."

"எறங்குதா?"

"எறங்குது."

"சரி, போட்டும். சீரியலை செல்லுல பாத்துக்கிடுதேன்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவள் திட்டியிருந்தால் தங்கசாமி நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். இப்போது ஒரே தோசையோடு எழுந்துவிட்டார். இருந்தாலும் ஒரு ஆறுதல். செட்டாப் பாக்ஸ் செத்துவிட்டபடியால் அதன் அடாப்டர் இனி முறைப்படியே பழைய அடாப்டர். அவருடைய கொள்கைக்கும் குறை வரவில்லை.

மறுநாள் வேறு பிரச்சினை. லேப்டாப் அடாப்டர் போனதால் பிளாட்பாரம் முழுக்க இருட்டு. பஸ் ஸ்டாண்ட் வேலை முடிந்ததும் சாப்பிடக்கூடப் போகாமல் இர்ஷாத் கடைக்கு ஓடினார்.

"ஒவ்வொண்ணா ஏன் அலையுதீங்க?" என்று இர்ஷாத் மூலையிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்துப் போட்டார். பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளை. பின்னால் நூடுல்ஸ் கொட்டியது போல வயர்கள். "இதுக்குள்ள பன்னெண்டும் இருக்கு, அஞ்சும் இருக்கு. ஒங்க ஸ்டேஷனுக்கு மட்டுமில்ல, தென்காசி வரைக்கும் கூடக் கரண்டு குடுக்கலாம். இந்தப் பச்சை வயரையும் கருப்பு வயரையும் சேத்து முறுக்குனா ஓடும். சும்மா எடுத்துட்டுப் போங்க, எனக்கு எடம் காலியாவும்."

தங்கசாமிக்குக் கைகால் ஓடவில்லை. சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, விளக்கு வரிசைகளைப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு ஏற்றபடி பிரித்துக் கட்டி, எல்லாவற்றையும் தகரப் பெட்டியோடு சேர்த்தார். பச்சையையும் கருப்பையும் முறுக்கினார். பெட்டிக்குள் காற்றாடி பஸ் கிளம்புகிற சத்தத்தோடு சுற்றியது. பிளாட்பாரம் பளிச்சென்று எரிந்தது. மூச்சு விடுவதற்குள் அணைந்தது. மறுபடி எரிந்தது. மறுபடி அணைந்தது.

இர்ஷாத்துக்குப் போன் போட்டார்.

"அதுக்கு வேலை பத்தல அண்ணாச்சி" என்றார் இர்ஷாத். "கம்ப்யூட்டர ஓட்டுன பொட்டியில நாலு குட்டி பல்பை மாட்டுனா, நமக்கு இங்கன என்ன சோலின்னு தூங்கிரும். நல்ல கனமா ஒரு வேலை குடுங்க, முழிச்சுக்கிட்டே இருக்கும்."

இப்படிப்பட்டவர்களைத் தங்கசாமிக்குப் பழக்கமுண்டு. பஸ் ஸ்டாண்ட் ஷெட்டிலிருந்து ஒரு வேனின் பழைய ஹெட்லைட் பல்பைக் கேட்டு வாங்கிவந்து தகரப் பெட்டியில் கட்டினார். பெட்டி தூக்கம் கலைந்து ஒழுங்காக வேலை செய்தது. பல்பு அசிங்கமாக வெளியே தெரியக்கூடாது என்று தெர்மகோல் மலைக்குப் பின்னால் மறைத்துவைத்தார். மலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தது. மேற்கே சூரியன் விழுகிற மாதிரியே இருந்தது. தங்கசாமி இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தார். தன்னை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

அதே பெருமையோடு காப்பி குடித்துவிட்டு வந்தபோது மேற்குத் தொடர்ச்சி மலையின் நடுவே ஒரு பெரிய பள்ளம் விழுந்திருந்தது. பள்ளம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அகலமாகிக்கொண்டிருந்தது. அறை முழுக்க நாற்றம்.

சீனியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து முதலில் சுவிட்சை அணைத்தாள், பிறகு ஷட்டரைத் தூக்கிவிட்டாள். தங்கசாமி கண்ணை மூடிக்கொண்டார். இரும்புக்காரனின் குரல் தெருமுனையில் கேட்பது போலவே இருந்தது.

"ஏங்க, இதுல நீலக்கலர் பெயிண்ட் அடிச்சா என்ன?"

தங்கசாமி ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "என்னது?"

"பள்ளத்துலங்க. தண்ணி கெடக்குத மாதிரி இருக்கும். மலையில ஒரு அணைக்கட்டு இருந்தா பாக்குத பிள்ளைகளுக்குப் பிடிக்கும்லா."

அவளே அனுவின் பழைய பெட்டியிலிருந்து பெயிண்ட்டும் பிரஷ்ஷும் தேடி எடுத்துக்கொடுத்தாள். கரையில் வைக்க இரண்டு பிளாஸ்டிக் கொக்குகளும் கொடுத்தாள். கொக்குகள் ரயிலை விடப் பெரிதாக இருந்தன. ஆனால் அன்றைக்குத் தங்கசாமி அளவு பார்க்கிற நிலையில் இல்லை. இவளுக்கும் ரயில் பிடித்துவிட்டது என்ற எண்ணம் முதன்முதலாக அப்போதுதான் அவருக்குள் வந்தது. வந்ததும் ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

பல்பை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை மேஜைக்கு அடியில் சிமெண்ட் தரையில் வைத்தார். மலைக்கு ஆபத்தில்லை. அடுத்த நாள் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோது, தகரப் பெட்டியை ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டார். போட்டதும் மெயினில் பியூஸ் போயிற்று. வேறு கம்பி கட்டினார். மறுபடி போயிற்று.

பியூஸ் கம்பி மெல்லிசாக இருப்பதால்தான் அறுந்துபோகிறது என்பது தங்கசாமியின் முடிவு. மூன்று கம்பிகளைச் சேர்த்து முறுக்கிக் கட்டினார். இந்தத் தடவை பியூஸ் போகவில்லை. விளக்குகள் எரிந்தன, சிக்னல் எரிந்தது, கேட் ஏறியது, ரயில் ஓடியது. அன்றைக்கு அதோடு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சங்கரலிங்க சுவாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு லீவு சொல்லிவிட்டு, காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, ஸ்டேஷன் மாஸ்டர் போல மேஜை முன் நின்று தகரப் பெட்டியின் சுவிட்சைப் போட்டார்.

வெளியே கம்பத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். வீட்டில் ஃபேன் நின்றது. பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் நின்றது. எதிர் வீட்டில் பாடிக்கொண்டிருந்த பக்திப் பாடல் நடுவரியில் நின்றது. பீடர் ரோட்டின் அந்தப் பகுதி முழுக்க அமைதியானது.

பக்கத்து வீட்டு வீரபாண்டி பனியனோடு வந்து நின்றார். "என்னவே செஞ்சீரு?"

"நான் என்னவே செஞ்சேன்?"

"நீரு சுவிட்சைப் போட்டதும் கம்பத்துல பொறி பறந்ததை நான் பல்லு வெளக்கிக்கிட்டே பாத்தேன். கிரைண்டர்ல பாதி மாவு நிக்கி. லைன்மேனுக்குப் போன் போட்டாச்சு. மேலநீலிதநல்லூர் பக்கம் நிக்காராம், மதியத்துக்கு மேலதான் வருவாராம். இன்னைக்கு எங்க வீட்டுல இட்லிக்கு என்னவே செய்ய?"

தங்கசாமிக்கு இட்லி காதில் விழவில்லை. மதியத்துக்கு மேல் என்பது மட்டும்தான் விழுந்தது. டாக்டரம்மா வருகிற நேரம் நெருங்கிவிட்டது. மூலையில் கிடந்த டெய்லரின் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். ரயில் போகப் போகிறது. இரும்புக்காரன் இந்த ஊர்ப் பெயர்ப் பலகையை என்ன செய்வான்? டீ ஸ்டாலை என்ன செய்வான்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீரபாண்டி முன்னால் அழக்கூடாது என்பதற்காகத் தண்டவாளத்தைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

சீனியம்மாள் நல்ல பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். பதறவில்லை.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டுல இன்வெர்ட்டர் இருக்குல்லா?"

"இருக்கு. அதுல கிரைண்டர் ஓடாதும்மா."

"கிரைண்டரு ஓட வேண்டாம். மாவை என்கிட்ட குடுத்துருங்க, எங்க அண்ணன் வீட்டுல குடுத்து ஆட்டித் தாரேன். நீங்க சொவர் மேல ஒரு வயரை மட்டும் தூக்கிப் போடுங்க. கொஞ்ச நேரத்துக்கு ஒங்க ஃபேனை அமத்தி வைக்கணும்."

"எதுக்கு?"

"ரயிலு ஓட்டணும்."

வீரபாண்டி தங்கசாமியைப் பார்த்தார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்குமா என்று கேட்கிற பார்வை. ஆனாலும் மாவு கெட்டுவிடும் என்ற பயத்தில் போய் வயரைத் தூக்கிப் போட்டார்.

தகரப் பெட்டியை மாட்டியதும் இன்வெர்ட்டர் அழ ஆரம்பித்தது. ஹெட்லைட் பல்புக்கும் சேர்த்துக் கரண்ட் கொடுக்க அதற்குத் தெம்பில்லை. தங்கசாமி பெட்டியைக் கழற்றிவிட்டார். கேட்டுக்குச் செட்டாப் பாக்ஸ் அடாப்டர் இருக்கிறது. சிக்னலுக்குச் செல்போன் சார்ஜர் இருக்கிறது. ரயிலுக்கு அதன் பெட்டி இருக்கிறது. பிளாட்பார விளக்குக்குத்தான் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வோல்ட்டில் ஒன்று வேண்டும், உடனே வேண்டும்.

"பன்னெண்டுதானே?" என்று கேட்டுவிட்டு சீனியம்மாள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு கருப்பு அடாப்டர். வைஃபை பெட்டியினுடையது. "இதுலயும் பன்னெண்டுன்னுதான் போட்டிருக்கு. இந்தாங்க."

"ஏட்டி, இதை எடுத்துட்டா நீ செல்லுல சீரியல் பாக்க…"

"பெறகு பாத்துக்கிடலாம். மாட்டுங்க, அவ வந்துருவா."

தங்கசாமி அடாப்டரை வாங்கிக்கொண்டார். டி.வி.யைக் கொன்றவனுக்குச் செல்லில் பார்க்கிற சீரியலையும் விட்டுக்கொடுக்கிற மனது எத்தனை பெண்களுக்கு வரும்? இவளைப் போய் இத்தனை வருஷமாக ரயிலுக்கு விரோதி என்று நினைத்திருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. இந்த ரயிலைக் காப்பாற்றியதும் முதல் வேலையாக மருமகளை மாமியார் என்ன செய்தாள் என்று யாரிடமாவது கேட்டுவந்து சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வயரை மாட்டினார்.

பிளாட்பாரம் எரிந்தது. சிக்னல் பச்சைக்கு மாறியது. கேட் இறங்கியது, பஸ் நின்றது, ரயில் அணைக்கட்டையும் கொக்குகளையும் தாண்டி வளைந்து வந்து டீ ஸ்டாலுக்கு நேராக நின்றது. வயரைப் போட்டுவிட்டுச் சும்மா எட்டிப் பார்க்க வந்த வீரபாண்டி அதைப் பார்த்து மேஜை ஓரத்திலேயே வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டார்.

அப்போது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"வாங்க டாக்டர், வாங்க" என்று சீனியம்மாள் ஓடினாள். "நீங்களே பாருங்க, எல்லாம் ஓடுது."

டாக்டர் ஏஞ்சல் சின்ன வயதுப் பெண். அறையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்க்கவில்லை. தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்கவில்லை. நேராக மேஜைக்கு வந்து ரயில் ஒரு சுற்றுச் சுற்றி முடிகிறவரை பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி வீரபாண்டியைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, அப்படியே இருங்க. ரயிலையே பாருங்க" என்று செல்போன் டார்ச்சை அவர் வாய்க்குள் அடித்தாள். "வலது பக்கம் கடவாய்ப்பல்லுல சொத்தை இருக்கு. சீக்கிரம் வந்து காட்டுங்க."

வீரபாண்டி டக்கென்று வாயை மூடிக்கொண்டார்.

"நீங்க பல்லு டாக்டரா?" என்றார் தங்கசாமி.

"ஆமா. சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் பாக்கேன். வைத்தியம் லேசு. வாயைத் திறக்க வைக்கதுக்குள்ள நம்ம உசுரு போயிரும்."

பந்தயத்தில் ஜெயித்தாயிற்று. இருந்தாலும் போகிறவளைக் கொஞ்சம் பயமுறுத்தியே அனுப்பிவைத்தால் மறுபடி வரமாட்டாள் என்று தங்கசாமி கணக்குப் போட்டார்.

"இந்த ரூமு ஒங்களுக்குச் சரிப்பட்டு வராது டாக்டர். ஷட்டரைத் தூக்கிட்டா தெருப்பிள்ளைங்க பூரா வந்துரும்."

"வந்துருமா?"

"வந்துருமாவா? வெரட்டுனாலும் போகாது. வாயைப் பொளந்துகிட்டு ரயிலைப் பாத்துக்கிட்டே நிக்கும்."

"அசையாமயா?"

"அசையாது. கொசு கடிச்சாக்கூட அசையாது. ரயிலை நிப்பாட்டுனாத்தான் அழும்."

டாக்டர் ஏஞ்சல் ரயிலையும் தெருவையும் மாறிமாறிப் பார்த்தாள். தங்கசாமிக்குத் தன் பேச்சு பலித்துவிட்டது தெரிந்தது. பெருந்தன்மையாக விசிலை வாயில் வைத்து ஊதி, ரயிலை இன்னொரு சுற்று அனுப்பினார். சீனியம்மாளைப் பார்த்துச் சிரித்தார். சீனியம்மாள் அவரைப் பார்க்காமல் கொக்குகளைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பி, சந்தோஷமாகக் கேட்டாள்:

"அக்கா, வாடகையில ரயிலும் டிரைவரும் சேர்த்தின்னு போன்ல சொன்னீங்கள்லா, அந்த டிரைவர் இவங்கதானா?"